நம்ம பின்கோடை உடைத்துப் பார்த்தேன்

கே: தினமும் ஐம்பது கவரில் காக்ஸ் டவுன், 560005 என்று எழுதுகிறேன். இந்த எண்ணுக்கென்று ஏதாவது விசேஷம் உண்டா, சார்?
– கூரியர் கடை ஊழியர், வீலர் ரோடு

ப: உண்டு. உங்கள் கேள்வி வந்த அன்று, மார்க்கெட்டில் காய் வாங்கின சீட்டு சட்டைப் பையில் இருந்தது. அதன் பின்பக்கத்திலேயே கணக்கைப் போட்டேன்.

கடைசி இலக்கம் 5. ஆகவே ஐந்தால் வகுபடும். மீதி 1,12,001. வேலை இங்கேதான் ஆரம்பம். இலக்கங்களைக் கூட்டினால் 5 வருகிறது, எனவே மூன்று நுழையாது. ஏழு? 1,12,000 வரை அழகாகப் போய் ஒன்று மிச்சம் விழுகிறது. பதினொன்றுக்கு ஒன்று குறைகிறது. இரண்டிடமிருந்தும் மயிரிழையில் தப்பிய எண். அப்புறம் 13, 17, 19, 23 என்று ஒவ்வொரு பகா எண்ணாகத் தட்டிப் பார்த்தேன். 43 வரை எதற்கும் திறக்கவில்லை. சரி, இது பகா எண்தான் போலிருக்கிறது என்று பேனாவை மூடப் போன நேரத்தில் 47 திறந்துவிட்டது! 47 × 2383 = 1,12,001. 2383-ஐயும் 47 வரை சோதித்தேன். 49-ஐ 49-ஆல் பெருக்கினாலே 2401 ஆகிவிடுவதால் அதற்கு மேல் போக வேண்டியதில்லை. அது உடையவில்லை. பகா எண்.

ஆக, 560005 = 5 × 47 × 2383.

மூன்று வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எட்டே எட்டு: 1, 5, 47, 235, 2383, 11,915, 1,12,001, அப்புறம் 5,60,005. தபால்காரருக்கு முதல் மூன்று இலக்கம் பெங்களூர், அடுத்த மூன்று நம் தபால் நிலையம். 1972 ஆகஸ்ட் 15-லிருந்து அப்படித்தான். நடுவில் மூன்று சுழியத்தோடு ஆளரவம் இல்லாத தெரு மாதிரி தெரிகிற எண்ணுக்குள்ளே 47-ம் 2383-ம் குடியிருக்கிறார்கள் என்பது எனக்கும் இந்த வாரம்தான் தெரியும்.

கே: 560005-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா?
– பி.யு.சி. மாணவி, குக் டவுன்

ப: முடியாது. அதைச் சொல்லத் தேடிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. நான்கால் வகுத்தால் 3 மிச்சம் வரும் பகா எண் ஒன்று, ஒரு எண்ணுக்குள் ஒற்றைப்படைத் தடவை உட்கார்ந்திருந்தால், அந்த எண் இரண்டு வர்க்கங்களாகப் பிரியாது. நம் எண்ணில் 47 அப்படிப்பட்டது (44-ம் 3-ம்). 2383-ம் அப்படியே (2380-ம் 3-ம்). ஒருவர் தடுத்தாலே போதும், இங்கே இரண்டு பேர் தடுக்கிறார்கள்.

மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும். 748-ல் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கினேன், 744-ல் அகப்பட்டது. 744² + 63² + 50². அதாவது 5,53,536 + 3,969 + 2,500. கூட்டிப் பாருங்கள்.

எந்த முழு எண்ணை எடுத்தாலும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று 1770-ல் லக்ராஞ்சு நிறுவிவிட்டார். ஆறாம் அடுக்குகளாகப் பிரிக்கச் சொன்னால் எத்தனை வேண்டும்? 73. இதை 1940-ல் நிறுவியவர் குற்றாலத்துப் பக்கம் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை. அந்த 73-ம் முழுசாகத் தேவைப்படும் எண் 703. மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அது 703-க்குள் அடங்காது. எனவே 64-ஐயும் 1-ஐயும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். பத்து அறுபத்து நான்கும் அறுபத்து மூன்று ஒன்றும். எண்ணினால் சரியாக 73! அமெரிக்காவில் உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், 1950 ஆகஸ்ட் 31 அன்று, கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் பிள்ளை இறந்துபோனார். வயது 49. அவர் பெயரை உங்கள் கல்லூரி நோட்டில் ஒரு தடவையாவது எழுதி வையுங்கள்.

கே: ஆட்டோ நம்பர் 1729 வந்தால் என் மகன் குதிக்கிறான். ராமானுஜன் எண்ணாம். வேறு எந்த ஆட்டோவுக்காவது அந்த மரியாதை உண்டா?
– ஆட்டோ ஓட்டுநர், லிங்கராஜபுரம்

ப: இன்னும் ஒன்றுக்கு மட்டும் உண்டு, அண்ணா. 4104. இரண்டின் கனம் 8, பதினாறின் கனம் 4096, சேர்ந்தால் 4104. ஒன்பதின் கனம் 729, பதினைந்தின் கனம் 3375, சேர்ந்தாலும் 4104. இரண்டு விதமாக இரண்டு கனங்களின் கூட்டலாகும் எண்களில் 1729-க்கு அடுத்தது இதுதான். அதற்கும் அடுத்தது 13,832. அது ஐந்து இலக்கம், பலகையில் இடமில்லை. 4104 கண்ணில் பட்டால் மகனிடம் சொல்லுங்கள், இன்னொரு குதி குதிப்பான்.

கே: கணக்கில் உலகத்தை அசத்திய சகுந்தலா தேவி நம்ம பெங்களூர்க்காரர்தானே? அவர் எப்படித்தான் போட்டார்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, சிந்தி காலனி

ப: இங்கே பிறந்தவர்தான், அம்மா. 1929 நவம்பர் 4-ல் பிறந்தார். 2013 ஏப்ரலில் காலமானதும் இந்த ஊரில்தான். அப்பா சர்க்கஸ்காரர். மகளுடைய ஞாபகசக்தியை முதலில் கண்டுகொண்டவரும் அவரே.

எப்படி என்ற கேள்விக்கு முழு விடை அவரோடு போய்விட்டது. ஆனால் ஒரு கதவைத் திறந்து காட்ட முடியும். 1988-ல் ஆர்தர் ஜென்சன் என்ற உளவியலாளர் அவரைச் சோதித்தார். 6,16,29,875-ன் கன மூலம் என்ன என்று கேட்டார். ஜென்சன் நோட்டில் குறித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதை நாம் மெதுவாகப் போட்டுப் பார்ப்போம்.

விடை முழு எண் என்று தெரியும். கடைசி இலக்கம் 5. ஐந்தில் முடியும் எண்ணின் கனம்தான் ஐந்தில் முடியும். எனவே விடையின் கடைசி இலக்கம் 5. இப்போது வலப்பக்கமிருந்து மூன்று மூன்றாக வெட்டினால் இடது ஓரத்தில் மிஞ்சுவது 61. மூன்றின் கனம் 27, நான்கின் கனம் 64. 61 இரண்டுக்கும் நடுவே இருப்பதால் முதல் இலக்கம் 3. நடு இலக்கம்தான் தெரியாது. கொடுத்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 44. ஒன்பதால் வகுத்தால் மிச்சம் 8. கனத்தில் 8 மிச்சம் விழ வேண்டுமென்றால் மூலத்தில் மிச்சம் 2, 5 அல்லது 8-ஆகத்தான் இருக்க முடியும். அப்படிப் பார்த்தால் நடு இலக்கம் 0, 3, 6, 9 என்ற நான்கில் ஒன்று. 61 என்பது 64-க்கு ஒட்டி நிற்கிறது, ஆகவே விடை நானூறுக்கு ஒட்டி நிற்க வேண்டும். 9. விடை 395!

இது வகுப்பில் சொல்லித் தரக்கூடிய வழி. அவர் இதே வழியில்தான் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய எண்ணைக் கண்டதும் அதன் வாலையும் தலையையும் மிச்சத்தையும் ஒரே பார்வையில் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். ‘மனிதக் கணினி’ என்ற பட்டம் எனக்குப் பிடிக்காததற்கு அதுவே காரணம். கணினி எண்ணை அரைக்கும். இவர் அதோடு பழகினார்.

கே: 28 நொடியில் பெருக்கிச் சொன்னாராமே? விடை சரிதான் என்று சாமானியர் நாம் எப்படி நம்புவது?
– மளிகைக் கடைக்காரர், ஜீவனஹள்ளி

ப: நம்ப வேண்டாம், சோதித்துப் பார்ப்போம். கடைக்காரருக்கு அதுதானே அழகு.

1980 ஜூன் 18, லண்டன் இம்பீரியல் காலேஜ். கணினித் துறையினர் கண்போன போக்கில் எடுத்துக் கொடுத்த இரண்டு 13 இலக்க எண்கள்:

7686369774870 × 2465099745779

அவர் சொன்ன விடை:

18947668177995426462773730

இதை நம் வாயில் படிப்பதே ஒரு வேலை. 18,947 கோடி கோடி கோடி, 66,81,779 கோடி கோடி, 95,42,646 கோடி, 27,73,730.

முதல் சோதனை, ஒன்பதைத் தள்ளுவது. முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 78, அதைக் கூட்டினால் 15, அதையும் கூட்டினால் 6. இரண்டாவது 74, பிறகு 11, பிறகு 2. ஆறிரண்டு பன்னிரண்டு, ஒன்றும் இரண்டும் மூன்று. விடையின் 26 இலக்கங்களைக் கூட்டுங்கள்: 138, பிறகு 12, பிறகு 3. பொருந்துகிறது.

இரண்டாவது சோதனையில்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பதினொன்றுக்கான சோதனை தெரியும்தானே? ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டி, இரண்டு கூட்டலையும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது எண்ணில் 2, 6, 0, 9, 4, 7, 9 ஒரு பக்கம். கூட்டல் 37. மிச்சமுள்ள 4, 5, 9, 7, 5, 7 இன்னொரு பக்கம். அதுவும் 37. இரண்டும் சமம் என்றால் அந்த எண் பதினொன்றின் மடங்கு. அப்படியானால் பெருக்கிய விடையும் பதினொன்றின் மடங்காக இருந்தே தீர வேண்டும். 26 இலக்கத்தையும் ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினேன். ஒரு பக்கம் 69, மறுபக்கம் 69!

தப்பான ஒரு விடை தற்செயலாக இந்த இரண்டு சோதனையையும் தாண்ட, 99-ல் ஒரு வாய்ப்புத்தான். லண்டனில் அன்று கணினியை வைத்துச் சரிபார்த்தார்கள். நாம் பென்சிலை வைத்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். உங்கள் கடைப் பில்லுக்கும் இதே ஒன்பதைப் போட்டுப் பாருங்கள், தவறான பெருக்கல்களில் பெரும்பாலானவை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கே: 201 இலக்க எண்ணின் 23-வது மூலத்தையும் சொன்னாராமே?
– ஐ.டி.ஐ. மாணவர், ஃப்ரேசர் டவுன்

ப: 1977, அமெரிக்காவின் டாலஸ் நகரில் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம். 50 நொடி. விடை 546372891. இலக்கங்களை நிதானமாகப் பாருங்கள். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லோரும் வந்திருக்கிறார்கள், யாரும் இரண்டு தடவை வரவில்லை.

கே: ராமானுஜனே தவறவிட்ட எண் ஒன்று இருக்கிறதாம். உண்மையா? கேட்கவே மனசு ஒப்பவில்லை.
– வாசகர், அசாயே ரோடு

ப: உண்மைதான். கேட்டால் உங்களுக்கு அவர்மேல் இன்னும் அன்பு வரும்.

பன்னிரண்டை எடுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு வகுத்திகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. அறுபதுக்கு பன்னிரண்டு, அதற்குக் கீழே எதற்கும் அத்தனை இல்லை. பழைய வியாபாரத்தில் டஜனும், கடிகாரத்தில் அறுபதும் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம், பங்கு போட வசதி. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்ணையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் மிஞ்சுகிற எண்களை ராமானுஜன் ஆராய்ந்தார். கட்டுரை 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்தது. அதில் கையால் கணக்கிட்ட நீண்ட அட்டவணை ஒன்று உண்டு. அதன் கடைசி எண் 6746328388800. நம் வழக்கில் 6,74,632 கோடியே 83,88,800. அதற்கு 10,080 வகுத்திகள்.

அந்த அட்டவணையில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிற்று. 293318625600, அதாவது 29,331 கோடியே 86,25,600. இதற்கு 5040 வகுத்திகள்.

இந்த இரண்டு எண்களையும் நான் உடைத்துப் பார்த்தேன். விடுபட்டது: 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. கடைசி எண்: அதே எல்லாம், கூடவே ஒரு 23. விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வந்துவிடுகிறது! பட்டியலில் இல்லாத எண், பட்டியலின் கடைசி எண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். 5040, 10,080 என்ற வகுத்திக் கணக்குகள் இருக்கின்றனவே, அவை இரண்டுமே இதே குடும்பத்து எண்கள். தனக்குக் கீழே உள்ளவற்றை எல்லாம் மிஞ்சியவை.

கால்குலேட்டர் இல்லாத காலம். கேம்பிரிட்ஜ் குளிரில், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், லட்சம் கோடிகளை ஒருவர் கையால் வகுத்திருக்கிறார். நூறு எண்கள் அளவுக்கு நீளும் பட்டியலில் ஒன்றே ஒன்று நழுவியது. எனக்கு அந்த அட்டவணையில் மிகவும் பிடித்த இடம் அந்தக் காலியிடம்தான்.

கே: கோடிக்கு மேல் தமிழில் சொல்லே கிடையாதா? ‘கோடி கோடி கோடி’ என்று வாய் வலிக்கிறது.
– கல்லூரி மாணவர், டேவிஸ் ரோடு

ப: ஏராளம். பரிபாடலின் இரண்டாம் பாட்டில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களின் பெயர் வரிசையே இருக்கிறது. அதற்கும் முன்னால் தொல்காப்பியம், ‘ஐ’, ‘அம்’, ‘பல்’ என்று முடியும் எண்ணுப் பெயர்களுக்குப் புணர்ச்சி விதி எழுதுகிறது. பேச்சில் இல்லாத சொல்லுக்கு யாரும் இலக்கணம் எழுத மாட்டார்கள். எண்ண முடியாத பெருக்கத்துக்கு நம் முன்னோர் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள், நாலு பூ, ஒரு சங்கு, ஒரு வெள்ளம். எல்லாம் தண்ணீர். அல்சூர் ஏரிக் கரையில் மழைக்காலத்தில் நின்று பார்த்தால் அந்த மனசு புரியும். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரோடு பேசும்போது மட்டும் கோடியே வசதி, அவர்களுக்கும் கோடிதான்.

கே: பேங்க் ரகசியங்களைப் பெரிய எண்கள் காவல் காக்கின்றன என்கிறார்கள். எண் எப்படிக் காவல் காக்கும்?
– இல்லத்தரசி, ரிச்சர்ட்ஸ் டவுன்

ப: 47-ஐ 2383-ஆல் பெருக்க உங்களுக்கு ஒரு நிமிஷம் போதும். 1,12,001-ஐக் கொடுத்து உடைக்கச் சொன்னபோது எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கட்டுவது சுலபம், பிரிப்பது கஷ்டம். பூட்டே அவ்வளவுதான். இரண்டு ராட்சதப் பகா எண்களைப் பெருக்கி, 617 இலக்க எண் ஒன்றை ஊருக்கெல்லாம் காட்டலாம். உள்ளே இருக்கும் இரண்டு பேர் யார் என்று தெரிந்தவரிடம்தான் சாவி. 1977-ல் வந்த ஆர்.எஸ்.ஏ. முறை இது. இதே வகையில் சவாலாக வைத்த 250 இலக்க எண்ணை 2020 பிப்ரவரியில் உடைத்தார்கள். ஒரே ஒரு கணினிக் கோர் தனியாக உட்கார்ந்திருந்தால் ஏறத்தாழ 2,700 வருஷம் பிடித்திருக்கும் வேலை அது.

ஆச்சரியம் என்னவென்றால், ஓர் எண் உடையுமா உடையாதா என்று மட்டும் கேட்டால் அதை உடைக்காமலே சொல்லிவிடலாம். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும், நியாயமான நேரத்துக்குள், சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லும் வழியை 2002 ஆகஸ்டில் ஐ.ஐ.டி. கான்பூரில் மூன்று பேர் கொடுத்தார்கள்: மணீந்திர அகர்வால், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா. உலகமே தேடிக்கொண்டிருந்த விடை. கயால் பின்னர் நம் பெங்களூரில், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

கே: தெரிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண் எது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், காக்ஸ் டவுன்

ப: 2024 அக்டோபரில் கண்டுபிடித்தது. இரண்டை 13,62,79,841 தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும். 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு இரண்டாயிரம் இலக்கம் அச்சடித்தால் இருபதாயிரம் பக்கம் தாண்டும். ஆனால் கடைசி இலக்கத்தை நீயே இப்போது சொல்லலாம், தம்பி. இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே முடியும், மறுபடி 2, 4, 8, 6. அடுக்கை நான்கால் வகுத்தால் மிச்சம் 1. ஆகவே இரண்டில் முடியும், ஒன்றைக் கழித்தால் 1.

கே: காக்ஸ் டவுனுக்கு மட்டும்தானா? எங்கள் 560006 என்ன பாவம் செய்தது?
– வாசகி, ஜே.சி. நகர்

ப: ஒரு பாவமும் இல்லை. போட்டுவிட்டேன். 2 × 19 × 14,737. பதினாலாயிரத்து எழுநூற்று முப்பத்தேழு உடையுமா என்று 113 வரை போய்ப் பார்த்தேன், உடையவில்லை. உங்களுடையதும் மூன்று வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே தடவை, எட்டே வகுத்திகள். அடுத்தடுத்த இரண்டு பின்கோடுக்கும் ஒரே ஜாதகம்!

560007 எழுதும் வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுடையதை உங்களுக்கே விட்டிருக்கிறேன். முதலில் 3-ஐத் தட்டிப் பாருங்கள். திறந்ததும் நிறுத்திவிடாதீர்கள், மறுபடியும் தட்டுங்கள்.